வசம்பும் வாய்ப் பேச்சும்

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஒரு துண்டு வசம்பு இருக்கிறது. ஒரு முனை விளக்கில் சுட்டுக் கரியாகி, மறு முனை உரசி உரசித் தேய்ந்து, இப்போது சுண்டு விரல் அளவுக்கு வந்துவிட்டது. 'பிள்ளை வளர்ப்பான்' என்று அதற்குப் பட்டப் பெயர். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை உச்சரிக்கக் கூடாதாம். 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்ல வேண்டுமாம். என் தாயார் இன்றும் அப்படித்தான் சொல்லுகிறாள்.

அந்த வசம்புக்குச் சில வருஷங்களுக்கு முன்பு திடீரென்று மவுசு வந்தது. காரணம், என் அக்காவின் பெண். குழந்தைக்கு ஒன்றரை வயது நிரம்பியும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. துறுதுறுவென்று ஓடுவாள்; அலமாரியில் இருப்பதையெல்லாம் தரைக்குக் கொண்டு வருவாள்; சிரித்தால் வீடே வெளிச்சமாகும். பேச்சு மட்டும் இல்லை.

கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"நாக்குத் தடிச்சிருக்கு. வசம்பை உரசி நாக்கிலே தடவினா தானா புரண்டுடும்" என்றாள் அம்மா.

"கூத்தனூர் சரஸ்வதிக்கு வேண்டிக்கோ. நாக்கிலே தேன் தடவி எழுதச் சொல்லு" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா.

"இந்த வீட்டில் ஒருத்தராவது பேசாமல் இருக்கட்டுமே" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அத்தானின் கண்கள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

கடைசியில் அம்மா ஒரு சாட்சியத்தை எடுத்து வைப்பாள். அதற்கு மேல் வாதமே கிடையாது. "இதோ நிற்கிறானே இவன், மூணு வயசு வரைக்கும் வாயைத் திறந்தானா? இப்போ பாரு, வாரா வாரம் பத்திரிகையிலே பேசித் தள்ளறான். குழந்தைக்கு மாமன் வாட்டம்டி. தானா வரும்."

அக்கா என்னைப் பார்ப்பாள். நானும் பெருமையுடன் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலால் ஆறு மாதம் போயிற்று. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடையா, வீணையா?

சகோதரிகளே, ஒரு கேள்வி. குழந்தை நடக்கிறதே, அதை யாராவது கற்றுக் கொடுக்கிறோமா? நடைவண்டி வாங்கித் தருகிறோம், கையைப் பிடித்துக் கொள்கிறோம்; அவ்வளவுதான். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் வேளை வந்தால் குழந்தை எழுந்து நடக்கும். வீணை வாசிப்பது அப்படியல்ல. வாத்தியார் வேண்டும், வருஷங்கள் வேண்டும், அப்படியும் எல்லோருக்கும் வருவதில்லை.

பேச்சு இதில் எந்த ஜாதி? நடையைப் போன்றதா, வீணையைப் போன்றதா?

பரிணாம சித்தாந்தம் கண்ட டார்வின் 1871-ல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். குழந்தைக்கு மழலை பேச வேண்டும் என்ற உந்துதல் தானாகவே இருக்கிறது. ஆனால் எந்தக் குழந்தைக்கும் ரொட்டி சுட வேண்டும், எழுத வேண்டும் என்ற உந்துதல் பிறவியில் இல்லை என்பது அவர் கண்ட வித்தியாசம். அவர் வெறும் ஏட்டு விஞ்ஞானி அல்ல, பிள்ளைகுட்டிக்காரர். தம் மூத்த மகனின் வளர்ச்சியைக் குறிப்பெடுத்து வைத்து, 1877-ல் அதை ஒரு கட்டுரையாகவே பிரசுரித்தார். சரியாக ஒரு வயதில் அந்தக் குழந்தை சாப்பாட்டுக்கு 'மம்' என்று தானே ஒரு வார்த்தை கண்டுபிடித்ததாம். நம் வீட்டுக் குழந்தைகளின் 'மம்மு'க்கு எவ்வளவு கிட்டத்து உறவு பாருங்கள்!

நம் தமிழையே எடுத்துக் கொள்வோம். மூன்று வயதுக் குழந்தை "நான் சாப்பிடறேன்" என்கிறது. அதே குழந்தை "எனக்குப் பசிக்குது" என்கிறது. "நான் பசிக்குது" என்று ஏன் சொல்வதில்லை? சாப்பிடுவதற்கு 'நான்', பசிப்பதற்கு 'எனக்கு' என்று எந்தத் தாயாவது மடியில் வைத்து நான்காம் வேற்றுமை பாடம் நடத்தியிருக்கிறாளா? இலக்கணம் படித்த நமக்கே இப்போது சொன்னால்தான் உறைக்கிறது. குழந்தைக்கு மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

'கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது, கிளிப்பிள்ளை மாதிரி' என்று சொல்லுவீர்கள். 1958-ல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற பெண்மணி அதைப் பரீட்சித்துப் பார்த்தார். உலகத்தில் இல்லாத ஒரு பறவையின் படத்தை வரைந்து, 'வக்' என்று இல்லாத பெயர் ஒன்றையும் அதற்கு வைத்தார். "இது ஒரு வக். இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. இரண்டு..." என்று நிறுத்தினார். குழந்தைகள் 'வக்ஸ்' என்று முடித்தார்கள். அந்தச் சொல்லை அதற்கு முன் எவரும் உச்சரித்ததே இல்லை. ஆகவே காதால் கேட்டுத் திருப்பிச் சொல்ல வழியில்லை. குழந்தையின் தலைக்குள் விதி உட்கார்ந்திருக்கிறது. கிளிக்கும் பிள்ளைக்கும் அதுதான் வித்தியாசம்.

ராஜாக்களின் விபரீத ஆசை

அப்படியானால் யாருமே பேசிக் காட்டாவிட்டாலும் குழந்தை பேசிவிடுமா? இந்தச் சந்தேகம் பழைய காலத்து ராஜாக்களுக்கே வந்திருக்கிறது. எகிப்தை ஆண்ட சாமெடிகஸ், பிறந்த குழந்தைகள் இரண்டை ஓர் ஆட்டிடையனிடம் கொடுத்து, அவர்கள் காதில் ஒரு சொல்லும் விழாமல் வளர்க்கச் சொன்னானாம். இரண்டு வருஷம் கழித்து அவை 'பெகோஸ்' என்றனவாம். பிரிஜிய பாஷையில் அதற்கு ரொட்டி என்று அர்த்தம். ஆகவே உலகின் ஆதி மொழி பிரிஜியம்தான் என்று ராஜா தீர்மானித்தானாம். கிரேக்க சரித்திரக்காரர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்த கதை இது. ஆட்டிடையனின் ஆடு 'பே' என்று கத்தியிருக்குமே என்று ராஜாவுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது!

நம் தேசத்து அக்பர் பாதுஷாவும் இதைச் செய்து பார்த்தார். 16-ஆம் நூற்றாண்டில், சிசுக்களை ஒரு தனி மாளிகையில் வைத்து, பேசாத தாதிகளைக் கொண்டு வளர்க்கச் செய்தார். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அங்கே பேச்சு இல்லை. ஊமைச் சத்தம்தான் இருந்தது. 'ஊமை மாளிகை' என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது.

அக்பரின் கொடிய சோதனை ஒன்றைச் சொல்லிவிட்டது. விதை பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் தண்ணீர் வார்க்காவிட்டால் முளைக்காது. நடைக்கும் வீணைக்கும் நடுவே நிற்கிறது பேச்சு.

அம்மாவின் குரல்

அந்தத் தண்ணீர் எப்போது தொடங்குகிறது? பிறந்த பிறகு அல்ல, வயிற்றிலேயே. 1980-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பிறந்து மூன்றே நாளான குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தன் தாயின் குரல் கேட்கும். இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும் விதமாகவே சப்பக் கற்றுக் கொண்டன. 2009-ல் ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை தெரிந்தது. பிறந்த சில நாட்களே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறுகிறது; ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தந்த பாஷையின் ராகம் அப்படி. தாய்மொழி என்று நம் முன்னோர்கள் பெயர் வைத்தார்களே, எவ்வளவு பொருத்தம்!

அடுத்த ஆராய்ச்சி நமக்கு மிகவும் நெருங்கியது. 'பத்து' என்று சொல்லுங்கள். 'பட்டு' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு வெட்ட வெளிச்சம். ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பத்துப் பட்டுப் புடவை வாங்குவதற்குள் அவர் திண்டாடிப் போவார். இந்தியிலும் அதே 'த'வும் 'ட'வும் உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆராய்ச்சியாளர், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு இந்த இந்தி ஒலிகளைப் போட்டுக் காட்டினார். 1984-ல் முடிவை வெளியிட்டார். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தை நன்றாகக் கண்டுபிடித்தன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் அநேகமாக அந்தத் திறமை போய்விட்டது!

அதாவது, குழந்தை பிறக்கும்போது உலகத்து மொழிகளுக்கெல்லாம் பிரஜையாகப் பிறக்கிறது. முதல் வருஷம் முடிவதற்குள், தன்னைச் சுற்றிப் பேசுகிற மொழிக்கு உரிய கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றக் கதவுகளைச் சாத்தத் தொடங்குகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே காது இவ்வளவு வேலை பார்க்கிறது.

காது. இந்தச் சொல்லைப் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

எங்களை ஏமாற்றிய 'ங்கா'

"காது கேட்குமா என்று பார்த்தீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். பார்க்காமல் இருப்போமா? குழந்தையின் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினோம், திரும்பினாள். கதவைப் படாரென்று சாத்தினோம், திடுக்கிட்டாள். மூன்று, நான்கு மாதத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே 'ங்கா, ங்கா' என்று கொஞ்சவும் செய்தாள். காது கேட்காத குழந்தை 'ங்கா' சொல்லுமா? இதுதான் எங்கள் தர்க்க சாஸ்திரம்.

சொல்லும்! அதுதான் நாங்கள் அறியாதது. மொழியை உடம்போடு பிறந்த குணமாக வைத்து ஆராய்ந்தவர்களில் எரிக் லென்னபர்க் முக்கியமானவர். 'மொழியின் உயிரியல் அடிப்படைகள்' என்ற பொருளில் 1967-ல் அவர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். காது கேட்காத குழந்தைகளும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே கொஞ்சுகின்றன என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று. அந்தக் கொஞ்சல் உடம்பின் கடிகாரப்படி தானாக வருவது. அதற்குக் காது வேண்டாம். ஆனால் ஏழு, எட்டு மாதத்தில் 'பபப', 'மமம', 'ததத' என்று அசை அசையாக மழலை வரவேண்டுமே, அதற்குக் காது வேண்டும். கேளாத குழந்தைக்கு அது மிகவும் தாமதப்படுகிறது. எங்கள் குழந்தைக்கு 'ங்கா' வந்தது, 'மமம' வரவில்லை. வந்ததைக் கொண்டாடினோம், வராததைக் கவனிக்கவில்லை.

தட்டுச் சோதனையும் அப்படித்தான். கேள்வி என்பது விளக்கு சுவிட்சு அல்ல, உண்டு அல்லது இல்லை என்று சொல்வதற்கு. கதவுச் சத்தம் கேட்கிற காதுக்கு, மெல்லச் சொல்கிற 'ச'வும் 'த'வும் எட்டாமல் போகலாம். தட்டைத் தட்டுகிற கையின் நிழலும் காற்றும் போதும், சூட்டிகையான குழந்தை திரும்பிவிடும். எங்கள் குழந்தை சூட்டிகையானவள். அதுவே அவளுக்கு எதிரியாயிற்று.

நாக்கின் மேல் பழி

நாம் எப்போதும் நாக்கின் மேல்தான் பழியைப் போடுகிறோம். 1861-ல் பாரிஸ் டாக்டர் பால் புரோகாவிடம் ஒரு நோயாளி வந்தார். வருஷக் கணக்காக அவர் வாயில் 'டான்' என்ற ஒரே அசைதான் வரும். மற்றவர் சொல்வது அவருக்குப் புரிந்தது. நாக்கும் நன்றாகப் புரண்டது. சில நாளில் அவர் இறந்துபோக, புரோகா மூளையைப் பரிசோதித்தார். இடது பக்கத்து முன் மூளையில் ஓரிடம் கெட்டுப் போயிருந்தது. பேச்சின் ஆட்சிபீடம் வாயில் இல்லை, மூளையில் இருக்கிறது என்பதற்கு அது பெரிய சாட்சியாயிற்று.

குரங்குகளும் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஹேஸ் தம்பதிகள், விக்கி என்ற சிம்பன்ஸிக் குட்டியைத் தங்கள் வீட்டிலேயே குழந்தை போல வளர்த்தார்கள். எவ்வளவோ பிரயாசைப்பட்டும் நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் வரவில்லை, அவையும் அரைகுறைதான். 'வாய் அமைப்புச் சரியில்லை, கையைப் பழக்கலாம்' என்று 1966-ல் கார்டனர் தம்பதிகள் வாஷோ என்ற சிம்பன்ஸிக்குச் சைகை கற்றுக் கொடுத்தார்கள். நூற்றுக்கு மேல் சைகைகள் கற்றது. பிறகு ஹெர்பர்ட் டெரஸ் என்ற பேராசிரியர் இன்னொரு சிம்பன்ஸியை வளர்த்து, படம் பிடித்த சுருள்களை நிதானமாகப் போட்டுப் பார்த்தார். குரங்கு பெரும்பாலும் ஆசிரியரின் சைகையையே திருப்பிச் செய்கிறது, வாக்கியம் அமைப்பதாகத் தெரியவில்லை என்று 1979-ல் எழுதினார். 2016-ல் இன்னொரு முடிவு வந்தது. குரங்கின் தொண்டையையும் வாயையும் எக்ஸ்ரே படம் பிடித்துக் கணக்கிட்டதில், பேசுவதற்குப் போதிய அமைப்பு அதற்கும் இருக்கிறதாம். இல்லாதது அதை நடத்துகிற மூளைதான்.

மூளையை அமைப்பது பரம்பரைதானே, அதற்கு உயிரணுவில் எழுத்து இருக்க வேண்டுமே என்றும் தேடினார்கள். லண்டனில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறைகளில் சுமார் முப்பது பேர். அவர்களில் பாதிப் பேருக்குப் பேச்சு தெளிவாக வராது. 1990-ல் அவர்களைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. 2001-ல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏழாம் நம்பர் குரோமோசோமில் ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! அந்த ஜீனுக்கு 'ஃபாக்ஸ்பி-2' என்று பெயர். உடனே பத்திரிகைகள், எங்கள் ஜாதிதான், 'மொழி ஜீன் அகப்பட்டது' என்று முழங்கிவிட்டன. அவசரம் வேண்டாம். அந்த ஜீன் எலிக்கும் இருக்கிறது, பாட்டுப் பாடும் பறவைக்கும் இருக்கிறது. மறைந்துபோன நியாண்டர்தால் மனிதர்களுக்கு நம்முடையதைப் போலவே இருந்தது என்று 2007-ல் தெரிந்தது. ஒரு கல்லை உருவினால் சுவர் சரிகிறது என்பதற்காக, அந்த ஒரு கல்தான் வீடு என்று சொல்ல முடியுமா? மொழி என்ற வீட்டுக்கு எத்தனையோ கல்.

கைகளால் பிறந்த மொழி

இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது நிகராகுவா தேசத்துச் செய்திதான். மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. 1977 வரையில் அங்கே கேளாத குழந்தைகள் பெரும்பாலும் தனித் தனியாக, அவரவர் வீட்டு மூலையில் வளர்ந்தார்கள். அந்த வருஷம் தலைநகர் மனாகுவாவில் ஒரு விசேஷப் பள்ளி ஏற்பட்டது. 1979-ல் நடந்த புரட்சிக்குப் பிறகு இன்னொரு பள்ளியும் சேர்ந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒன்று கூடினார்கள். வாத்தியார்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை.

ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிக்கூட பஸ்ஸிலும் வேறொன்று நடந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுச் சைகைகளைக் கொண்டு வந்தது. அவை கலந்தன. பிறகு வந்த சின்னக் குழந்தைகள் அந்தக் கலவையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு இலக்கணம் போட்டுவிட்டார்கள்! வாத்தியார்களுக்கே புரியவில்லை. 1986-ல் ஜூடி கெகல் என்ற மொழி ஆராய்ச்சியாளர் அழைக்கப்பட்டு வந்து பார்த்தார். அது புதிதாகப் பிறந்த ஒரு மொழி.

ஆன் செங்காஸ் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு ஒரு கேலிப் படத்தைக் காட்டினார். அதில் ஒரு பூனை உருண்டுகொண்டே சரிவில் இறங்குகிறது. முதலில் பள்ளிக்கு வந்தவர்கள், காதுள்ள நாம் கையை ஆட்டிக் காட்டுவது போல, உருள்வதையும் இறங்குவதையும் ஒரே வீச்சில் காட்டினார்கள். பின்னால் வந்த சின்னவர்கள் 'உருளுதல்', 'இறங்குதல்' என்று இரண்டு தனிச் சைகைகளாக்கி அடுத்தடுத்துக் கோத்தார்கள். சொல் சொல்லாகப் பிரித்து வாக்கியம் அமைப்பது என்பது இதுதான். 2004-ல் இதை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இதை எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. அக்பரின் மாளிகையில் முளைக்காத விதை, மனாகுவாவில் சகாக்கள் கிடைத்ததும் முளைத்துவிட்டது.

ஆனால் ஒரு வருத்தமும் அதில் உண்டு. வயது வந்த பிறகு அங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த மொழி சரளமாக வரவேயில்லை. விதைக்குப் பருவம் உண்டு. லென்னபர்க் 1967-லேயே சொன்ன எச்சரிக்கை அது.

கேளாத தாய் தந்தைக்குப் பிறந்து சைகையிலேயே வளரும் கேளாத குழந்தைகள், நம் குழந்தைகள் 'பபப' சொல்லும் வயதில் கையாலேயே மழலை பேசுகின்றன என்பது 1991-ல் தெரிந்தது. சைகை காட்டத் தெரியாத வீட்டில் பிறந்தாலும், கேளாத குழந்தை தானே சைகைகளைப் படைத்துக்கொண்டு, அவற்றை ஓர் ஒழுங்கில் கோக்கிறது என்று அமெரிக்காவில் சூசன் கோல்டின்-மெடோ 1970-களிலிருந்து காட்டி வந்திருக்கிறார். மொழிக்கு வாய் அடைத்திருந்தால் அது கை வழியாக வருகிறது.

இதைப் படித்துவிட்டுப் புஸ்தகத்தை மூடினேன். எங்கள் குழந்தை ஞாபகத்துக்கு வந்தாள். அவள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுப்பாள். கட்டை விரலை வாயருகே சாய்ப்பாள். பிறகு சமையலறைப் பக்கம் கையை நீட்டுவாள். எப்போதும் அதே வரிசை. 'மாமா, பால், அங்கே!' நாங்கள் சிரித்துவிட்டுப் பாலைக் கொடுப்போம். 'இன்னும் பேசவில்லையே' என்று கவலையும் படுவோம். அவள் எத்தனையோ மாதமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். செவிடு எங்கள் பக்கத்தில் இருந்தது.

காதும் பேசும்

மறுநாள் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன். "என் கதையை இனிமேல் யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். முதலில் காதைப் பார்த்துவிடலாம்" என்றேன். அக்கா ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். "எனக்கும் மனசுக்குள்ளே அதுதாண்டா இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்" என்றாள்.

காதைச் சோதிக்கிற முறை ஓர் அற்புதம். நல்ல காது கேட்க மட்டும் செய்வதில்லை. ஒலி உள்ளே போனதும் மிக மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது! இதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டுபிடித்தார். குழந்தையின் காதில் ஒரு சின்னக் குமிழை வைத்து 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்தால், அந்தப் பதில் வருகிறதா என்று கருவி பார்த்துக் கொள்ளும். குழந்தை தூங்கும்போதே சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. சந்தேகமிருந்தால், காதிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனை இருக்கிறது.

எங்கள் குழந்தையின் காதுகள் பதில் சொல்லவில்லை. இரண்டு காதிலும் பாதிக்கு மேல் குறை. அன்று ஆஸ்பத்திரி பெஞ்சியில் அக்கா அழுதாள். அத்தான் அழவில்லை, குழந்தையின் செருப்பு வாரை மூன்று முறை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குக் கேள்விக் குறை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது டாக்டர்கள் வகுத்திருக்கும் கணக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் மொழியில் நன்றாக முன்னேறுகிறார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆராய்ச்சி 1998-லேயே காட்டிவிட்டது. நாங்கள் போனபோது எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. மீதி ஒன்றரை வருஷத்தில் ஆறு மாதம் என் தலையாட்டலுக்குச் சேர்ந்தது. அதை நான் மறக்கப் போவதில்லை.

பேசத் தாமதிக்கும் குழந்தைகளுக்கெல்லாம் காதில்தான் குறை என்று பயந்துவிடாதீர்கள். காரணங்கள் பல, சில குழந்தைகள் என்னைப் போல ஆற அமரப் பேசவும் செய்யும். ஆனால் எது காரணம் என்று யோசிப்பதற்கு முன், முதலில் காதைப் பார்த்துவிட வேண்டும். பத்து மாதத்தில் 'பபப, மமம' இல்லையா? ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதில் வார்த்தை இல்லையா? காத்திருக்க வேண்டாம். பிறந்தபோது சோதித்து நன்றாக இருந்தது என்றாலும், குறை பின்னால் வரக்கூடும். சந்தேகம் தோன்றினால் மறுபடியும் பாருங்கள். வசம்பை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது டாக்டர்களின் கட்சி. சரஸ்வதியை வேண்டிக் கொள்வதற்கு எந்த டாக்டரும் தடை சொல்லவில்லை.

எங்கள் குழந்தைக்கு இரண்டு காதிலும் கருவி போட்டோம். முதல் நாள் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். பேச்சு உடனே வந்துவிடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. வீட்டில் அக்கா ஓயாமல் பேச வேண்டும், கையும் கூடப் பேச வேண்டும். பத்து மாதம் கழித்துத்தான் முதல் வார்த்தை. அது 'அம்மா' இல்லை, 'மாமா'வும் இல்லை. தோசைக் கல்லின் பக்கம் விரலை நீட்டி, 'தோ' என்றாள்! டார்வின் மகனைப் போலவே அவளுக்கும் முதல் வார்த்தை சாப்பாடுதான்.

இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. 'ச' இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது. மற்றபடி அத்தான் ஆசைப்பட்ட மௌனம் அந்த வீட்டில் கிடையவே கிடையாது.

அம்மா இன்னும் வசம்பைத் தூக்கி எறியவில்லை. அஞ்சறைப் பெட்டியில் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய் எட்டிப் பார்க்கிறாள். 'குழந்தை யார் ஜாடை?' என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.

"காதைப் பார்த்தாச்சா?" என்கிறாள்.